மாசம் பதினோராயிரம்

சன்னல் சீட்ட நீங்களே வெச்சுக்கிடுங்க தாயி, எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பைய மட்டும் கால்கிட்ட வெச்சுக்கிடுதேன். பாத்துக் கால வைங்க, உள்ள பேப்பரு இருக்கு. என் மகளோட படிப்பே இப்ப அந்தப் பேப்பர்லதான் இருக்கு.

இந்தா கண்டக்டரு வந்துட்டாரு. கலெக்டர் ஆபீஸ் ஒண்ணு குடுங்க தம்பி. என்னது? எடுத்தாச்சா? யாரு எடுத்தா?

பாத்தீகளா தாயி, பாத்தீகளா! அந்தா முன்னால மூணாவது சீட்டுல, பச்சச் சேலை கட்டி, கொண்டை போட்டு, நிமிந்து உக்காந்திருக்கா பாருங்க ஒருத்தி. அவதான் எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்திருக்கா. நான் கேட்டனா? எங்கிட்ட டிக்கெட்டுக்குக் காசு இல்லையா? முடிச்சுல வெச்சிருக்கேன், சரியான சில்லறையா. அவ என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. ராமத்தாயின்னு பேரு. ஒரே வீட்ட நடுவுல சுவரு வெச்சுப் பிரிச்சு, அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ஆறு வருசமா நாங்க பேசிக்கிடுறதில்ல. பேசாதவுக ஒரே பஸ்ஸுல ஏன் வாரீகன்னு நீங்க கேப்பீக. அதத்தான் சொல்ல வாரேன்.

என் பேரு சீனியம்மா. தீப்பெட்டி ஆபீஸ்ல, ஃபேக்டரியத்தான் எங்க ஊருல அப்படிச் சொல்லுவோம், இருபத்தி ரெண்டு வருசமா வேலை பாக்கேன். என் சின்ன மக அங்காளேஸ்வரி இருக்காளே, அவ மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கா. முதல் வருசம். ஹாஸ்டல்ல இருக்கா. லீவுக்கு வந்தா என் கையப் பிடிச்சுப் பாத்து, ‘யம்மா, உன் நகத்துல ஒட்டியிருக்க மருந்து என்னன்னு நான் சொல்லட்டா’ன்னு வாய்க்குள்ள நுழையாத பேரெல்லாம் சொல்லுவா. இருபத்தி ரெண்டு வருசமா நான் தொட்ட மருந்துக்குப் பேரு சொல்ல எனக்கு ஒரு மக வந்து பொறந்தா பாத்துக்கிடுங்க.

ஹாஸ்டல்ல சாப்பாட்டுக்குக் கட்டணும்ல? அதுக்குத்தான் ஸ்காலர்ஷிப்பு. அது வாங்கணும்னா வருமானச் சர்டிபிகேட் வேணும். வீட்டு வருமானம் வருசத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்குன்னு கவர்மெண்டு எழுதிக் குடுக்கணும். இதுல எனக்கு ஒரு கேள்வி தாயி. காசு உள்ளவன் வீட்டுக்கு யாராவது போயி, ‘நீ காசுக்காரன்தானா, எங்க, காட்டு பாப்போம்’னு கேக்காகளா? இல்லாதவ மட்டும் இல்ல இல்லன்னு பத்து இடத்துல போயி நிரூபிக்கணுமாம். இல்லாதத எப்படிக் காட்ட? இருக்கிறதத்தான காட்ட முடியும்?

சரி, விசயத்துக்கு வாரேன். இ-சேவை மையத்துல மக மனுவப் பதிஞ்சுட்டுக் காலேஜுக்குப் போயிட்டா. போகும்போதே சொன்னா, ‘யம்மா, வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தா உள்ளத உள்ளபடி சொல்லு, வேற ஒண்ணும் பேசாத’ன்னு. நான் என்ன பொய்யா பேசுறவ? என் வாயில பொய் வராது. அது ஊருக்கே தெரியும்.

நாலு நாளு கழிச்சுத் தலையாரி வந்து, ‘நாளைக்குப் பத்து மணிக்கு ஐயா வாராரு, வீட்டுல இருங்க’ன்னுட்டுப் போனாரு.

நீங்களே சொல்லுங்க தாயி. ஒரு ஆபீசரு வீட்டுக்கு வாராருன்னா என்ன செய்வீக? அதுக்கு முந்தி எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்து, என்ன வருமானம்னு கேட்டது ஒரே ஒரு கூட்டந்தான். மூத்தவ மாடத்தியப் பொண்ணு பாக்க வந்தவுக. அன்னைக்கு நான் என்ன செஞ்சேனோ, அதையேதான் இவருக்கும் செஞ்சேன். வேற எனக்கு என்ன தெரியும்?

பந்தல்காரருகிட்ட ஆறு சேரு வாங்கிட்டு வந்தேன். கீழத்தெரு டீச்சருகிட்ட பூப்போட்ட மேசைவிரிப்பும் டேபிள் ஃபேனும். மாடத்தி புருசன் வீட்டுல இருந்து பெரிய சுவர்க்கடிகாரம், அத அவளே பஸ்ஸுல கொண்டாந்தா. முந்திரிப்பருப்பு போட்டுக் கேசரி கிண்டினேன். வாழக்காய் பஜ்ஜி. என் கல்யாணப் பட்ட எடுத்துக் கட்டி, கவரிங் சங்கிலியப் புளி போட்டுத் தேச்சு மாட்டிக்கிட்டேன். தங்கம் தோத்துப்போகும். அந்தப் பளபளப்பு அன்னைக்கு.

எங்க வீட்டுக்காரருக்கு ஏழு வருசமா இடுப்பு முடியல. கிட்டங்கில, அதான் குடோன்ல, மூட்ட தூக்குனவுக. இப்ப மாசத்துல பத்து நாளு போனாப் பெரிசு. அவுகளுக்கு மருமகன் எடுத்துக் குடுத்த வெள்ள வேட்டி சட்டையப் போட்டு, முதுகுக்குப் பின்னால தலகாணிய முட்டுக் குடுத்து, ‘கால் மணி நேரம் வலிய வெளிய காட்டாம இருங்க’ன்னு உக்கார வெச்சேன். பாவம், மாப்பிள்ள மாதிரி இருந்தாக.

வி.ஏ.ஓ. வந்தாரு. சின்ன வயசு, வேற ஜில்லாவுல இருந்து மாத்தலாகி வந்தவரு. வாசல்ல நின்னு சேர எல்லாம் பாத்தாரு, கடிகாரத்தப் பாத்தாரு, கேசரியப் பாத்தாரு. ‘வீட்டுல ஏதும் விசேசமா’ன்னு கேட்டாரு. ‘நீங்க வந்ததே விசேசந்தான் சார்’ன்னேன். நல்லாத்தான பேசியிருக்கேன்?

உக்காந்து, பேனாவத் தொறந்து, ‘வீட்டுக்காரர் என்ன பண்றாரு’ன்னாரு. ‘கிட்டங்கில பொறுப்பா இருக்காக’ன்னேன். ‘நீங்க?’ன்னாரு. ‘ஆபீஸ்ல’ன்னேன். தலையாரி இருக்காரே, அவருக்கு வாய் சும்மா இருக்காது, ‘தீப்பெட்டி ஆபீஸ்யா’ன்னாரு. அவருக்கு அன்னைக்குப் பஜ்ஜி ஒண்ணு குறைச்சுத்தான் வெச்சேன்.

அது வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ராமத்தாயி பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தா. டங்கு டங்குன்னு சத்தம். வி.ஏ.ஓ., ‘மாசம் மொத்த வருமானம் எவ்வளவும்மா’ன்னு கேட்டாரு பாருங்க, அந்தச் சத்தம் டக்குன்னு நின்னுபோச்சு.

நின்னுபோச்சு தாயி. எனக்குத் தெரியாதா? சுவத்துல காத வெச்சுட்டா.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீக? இவ யாருன்னு உங்களுக்குத் தெரியாது. இவ மகன் படிச்சு மெட்ராஸ்ல வேலைக்குப் போனதும் மாடி கட்டினா. பால்காய்ப்புக்குக் கூப்பிட்டா, போனோம். மொய் எழுதுற இடத்துல நான் கைய நீட்டும்போது, மைக்குக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘அவகிட்ட வாங்காதீக, பாவம்’ன்னுட்டா. மைக்கு ஆன்ல இருந்துச்சு. ஊரே கேட்டுச்சு. பாவமாம்! எனக்கு என்ன பாவம்? ஐநூத்தி ஒண்ண மேசையில வீசிட்டு, இலையில உக்காராம எந்திரிச்சு வந்தேன். அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. அக்கான்னு இந்த வாய் கூப்பிட்டு ஆறு வருசமாச்சு.

இதுல இன்னொரு கூத்தக் கேளுங்க. இவளுக்கு அளந்து சமைக்கத் தெரியாது. இத்தன வருசம் சமைக்கா, இன்னும் அளவு பிடிபடல. மாசக் கடைசியானா போதும், கிண்ணம் நிறையக் குழம்பக் கொண்டாந்து கொல்லையில இருக்க குட்டச் சுவரு மேல வெச்சுருவா. என்னப் பாத்துப் பேச மாட்டா. வானத்தப் பாத்து, ‘குழம்பு மிஞ்சிப்போச்சு, நாய்க்குத்தான் ஊத்தணும்’பா. நல்ல கருவாட்டுக் குழம்பு. நாய்க்கு ஊத்தலாமா? வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிடுவேன். கிண்ணத்தக் கழுவித் திருப்பி வெச்சுருவேன். இப்படி ஊதாரித்தனமாச் சமைச்சா மாடி வீடு எத்தன நாளைக்கு நிக்கும்னு நான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

இப்பேர்ப்பட்டவ சுவத்துல காத வெச்சுக்கிட்டு இருக்கும்போது, நான் உள்ள தொகையச் சொல்லணுமா?

‘இருபத்தஞ்சாயிரத்துக்குக் குறையாது சார்’ன்னேன். நல்லாச் சத்தமா.

எங்க வீட்டுக்காரரு தலகாணியோட சேந்து சரிஞ்சுட்டாக.

வி.ஏ.ஓ. பேனாவ எடுத்துட்டு என்னப் பாத்தாரு. ‘யம்மா, இது ஸ்காலர்ஷிப்புக்கு. இப்படி எழுதினாக் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க’ன்னாரு. நல்ல மனுசன், இல்லைங்கல. ஆனா படிச்ச மனுசனுக்குச் சூட்சுமம் வேண்டாமா? நான் வாயால ‘இருபத்தஞ்சுதான் சார், எழுதுங்க’ன்னு சொல்லிக்கிட்டே, மடியில கைய வெச்சு, பத்து விரலையும் விரிச்சு, பிறகு ஒத்த விரலத் தனியாக் காட்டினேன். பத்து, ஒண்ணு. ரெண்டு தடவ காட்டினேன். கண்ணால சுவத்தையும் காட்டினேன். அவரு என்ன நினைச்சாரு தெரியுமா? நான் இன்னும் பஜ்ஜி வெக்கப் போறேன்னு நினைச்சு, ‘போதும்மா, போதும்மா’ங்காரு!

மூணாவது தடவயும் கேட்டாரு. மூணாவது தடவ எனக்கே ரோசம் வந்துருச்சு. ஒரு பொம்பள ஒரு வார்த்த சொன்னா நம்ப மாட்டாகளா? ‘எங்க பொண்ணுக்கு நாங்க ஒரு குறையும் வெக்க மாட்டோம் சார்’ன்னு சொல்லி, காட்டுன இடத்துல கையெழுத்தப் போட்டுட்டேன். பொண்ணு பாக்க வந்தவுககிட்டயும் அதத்தான் சொன்னேன். அங்க அது பலிச்சுது. இங்க பலிக்கல.

சர்டிபிகேட் வந்துச்சு. வருசத்துக்கு மூணு லட்சம். காலேஜ்ல உதவித்தொகை கிடையாதுன்னுட்டாக.

மக போன் பண்ணினா. அழுவா, திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவ மெதுவா, ‘சரி விடும்மா, நான் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துருதேன். உங்கூடயே ஆபீசுக்கு வாரேன்’ன்னா. என் மக அந்தத் தீக்குச்சி அடுக்குற கட்டைக்கு முன்னால வந்து குந்தவா நான் அவளப் படிக்க அனுப்பினேன்? அன்னைக்கு ராத்திரி நான் ஒரு வாய்ச் சோறு திங்கல.

மறுநாளு வி.ஏ.ஓ.கிட்ட போனேன். ‘நீங்க சொன்னதத்தானம்மா எழுதினேன்’ங்காரு. ‘நான் விரலக் காட்டினேன்ல சார்’ன்னேன். அவரு தலையில கைய வெச்சுக்கிட்டாரு. ஒரு தடவ குடுத்த சர்டிபிகேட் ஒரு வருசத்துக்குச் செல்லுமாம், அது வரைக்கும் புதுசு தர முடியாதாம். தாலுகா ஆபீஸுக்கு மூணு நடை நடந்தேன். கடைசியா அங்க ஒரு அம்மா, ‘திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனுக் குடுங்க. கூலிச் சீட்டும், பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் எழுதின வாக்குமூலமும் கொண்டு போங்க’ன்னாக. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தின சர்டிபிகேட் காலேஜுக்குப் போகணும். போகலைன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து வீடு! எனக்கு ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் ராமத்தாயி.

நான் போவனா? செத்தாலும் போக மாட்டேன்னுட்டேன். மக சனிக்கிழமை வந்தவ, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, நேரா எந்திரிச்சு அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா. அரை மணி நேரத்துல பேப்பரோட வந்தா. ராமத்தாயி பத்தாவது வரைக்கும் படிச்சவ, அவ கையெழுத்துலயே எழுதியிருக்கா. அதோட, ‘பேப்பர் மட்டும் போதாது, நானும் வந்து சொல்லுதேன், உங்க அம்மாவ நம்ப முடியாது’ன்னு சொல்லி விட்டிருக்கா. என்ன நம்ப முடியாதாம்! கேட்டீகளா? அதான் ஒரே பஸ்ஸு. ஆனா ஒரே சீட்டுல உக்கார மாட்டேன்னு சொல்லிட்டேன்.

அங்க எல்லாரு முன்னாலயும் கேப்பாகளாம் தாயி. கூட்டம் நிக்குமாம். ‘யம்மா, நீதான் வாயத் தொறந்து சொல்லணும், விரலக் கிரல ஆட்டாத’ன்னு மக படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கா. அத நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு காயுது. நான் யாருக்கும் பயந்தவ இல்ல. ஃபோர்மேன எதுத்து நின்னிருக்கேன். ஆனா அந்த ஒரு தொகைய இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க அம்மாகிட்ட சொன்னதில்ல. மாடத்திகிட்ட சொன்னதில்ல. உங்ககிட்ட இவ்வளவும் சொன்னேனே, அதச் சொன்னனா பாருங்க.

இந்தாங்க, அந்தப் பேப்பர ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், பஸ்ஸு ஆட்டத்துல கண்ணு பிடிக்காது. மெதுவா வாசிங்க, அவ காதுல விழுந்துரும்.

‘மேற்படி சீனியம்மாவின் கணவருக்கு மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல் வேலை இல்லை.’ பாத்தீகளா, பத்து நாளு! வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டே இருந்திருக்கா. வாசிங்க. ‘இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் பதினோராயிரம் ரூபாய்.’ எப்படித் தெரியும் இவளுக்கு? ஒரு நூறு கூட இல்ல, ஒரு நூறு குறையல. எங்க வீட்டுப் பானைக்குள்ள தலைய விட்டுப் பாத்தாளா? என் மக வாசிக்கும்போதே எனக்கு இந்த இடத்துல கொதிச்சுப்போச்சு.

இதோட முடிஞ்சுதுல்ல? மக இதோடதான் நிறுத்தினா. இன்னும் ரெண்டு வரி இருக்கா? என்ன எழுதியிருக்கா? வாசிங்க.

‘மாதக் கடைசி வாரம் இவர்கள் வீட்டில் குழம்பு வைப்பதில்லை. வெறுஞ்சோறுதான். பக்கத்து வீட்டில் இருப்பதால் இது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.’

இன்னொரு தடவ வாசிங்க தாயி.

ஆறு வருசம்.

இல்ல, நான் அழல. காத்து. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விடுங்க. ஆறு வருசமா மாசக் கடைசி மட்டும் இவளுக்கு அளவு தப்பியிருக்கு. முதல் வாரத்துல ஒரு நாளாவது மிஞ்சினதா? இல்லையே. நான் கிண்ணத்தக் கழுவிக் கழுவி வெச்சிருக்கேனே, எனக்கு இது தோணலையே. இவளப் போயி ஊதாரின்னு... அன்னைக்குச் சுவத்துல காத வெச்சது, சரி, வெச்சா வெச்சுட்டுப் போறா. அவளுக்குத் தெரிஞ்ச கணக்கத்தான் நான் அவகிட்ட இருந்து மறைச்சு, பந்தல்காரன் சேரப் போட்டு, என் மக படிப்பையும் பணயம் வெச்சேன். திமிரு பிடிச்சவ! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொன்னா நான் அந்தக் குழம்பத் தொட்டிருக்க மாட்டேன்தான். அதுவும் தெரிஞ்சிருக்கு அவளுக்கு!

இருங்க. நான் எந்திரிச்சுக்கிடுதேன். கம்பியப் பிடிச்சுக்கிடுதேன், விழ மாட்டேன்.

யக்கா! ஏ ராமத்தாயக்கா! திரும்பிப் பாரு, உன்னத்தான். மாசம் பதினோராயிரம்! எங்க வீட்டு வருமானம் மாசம் பதினோராயிரம்! கேட்டுச்சா? சுவரு இல்ல இங்க, நல்லாக் கேட்டுச்சா? என்னய்யா எல்லாரும் திரும்பிப் பாக்கீக? ஆமா, பதினோராயிரந்தான். திருடல, புரட்டல. உழைச்ச காசு. அதுலதான் ஒருத்தியக் கட்டிக் குடுத்தேன், ஒருத்தியக் கெமிஸ்ட்ரி படிக்க வெச்சிருக்கேன். பாக்கிறவுக நல்லாப் பாருங்க!

என்ன சொல்லுதா பாத்தீகளா தாயி? முகத்துல ஒரு சிரிப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. ‘இதே சத்தத்த அங்க போயிப் போடு’ங்கா. போடத்தான் போறேன். இவ சொல்லியா நான் போடணும்?

கலெக்டர் ஆபீஸா? வந்துருச்சா? பேப்பரக் குடுங்க தாயி, மடங்காம. பைய எடுத்துக் குடுங்க. அவளுக்கு முந்தி நான் இறங்கணும். நகருங்கய்யா, வழிய விடுங்க. மாசம் பதினோராயிரம் இறங்குது!